ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை: எஸ் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

‘பத்து மாடு நிக்குது’ என்று சொன்னால் தமிழில் யாரும் திருத்த மாட்டார்கள். பத்து என்ற சொல்லே பன்மையைச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் ‘கள்’ வேண்டியதில்லை. நன்னூல் இத்தகைய பெயர்களுக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று தனிப்பெயரே தந்திருக்கிறது. மரம் விழுந்தது என்றால் ஒன்று. மரம் விழுந்தன என்றால் பல. பெயர் அசையாமல் நிற்க, வினைமுற்று எண்ணிக்கையைச் சொல்லிவிடும்.

ஆங்கிலம் இந்தச் சலுகையை விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களுக்குத்தான் தருகிறது. மற்ற இடங்களில் எல்லாம் எண்ணிக்கை மூன்று முறை பதிய வேண்டும்: பெயரில், அதற்கு முன் வரும் சுட்டில், பின்னால் வரும் வினையில். நம் மாணவர்கள் ‘டென் கௌ’ என்று எழுதுவது பெரும்பாலும் கவனக்குறைவால் அல்ல. தாய்மொழியின் இலக்கணம் உள்ளே உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அந்த எஸ் விடுபடுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது.

பள்ளி நூல்கள் பெரும்பாலும் ‘எஸ் சேர், இஎஸ் சேர், ஒய்யை ஐஇஎஸ் ஆக்கு’ என்று தொடங்குகின்றன. எழுத்துக்கூட்டல் உண்மையில் மூன்றாவது வேலை. முதலில் கேட்க வேண்டியது அந்தச் சொல்லை எண்ண முடியுமா என்பது. பிறகு அதன் கடைசி ஒலி என்ன என்பது. அதற்குப் பிறகுதான் எழுத்து. இந்த வரிசையிலேயே போவோம். ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் எழுத்துப் பெயர்களைக் கோடிட்டுப் பிரித்திருக்கிறோம்.

படி 1: எண்ண முடியுமா?

சொல்லுக்கு முன்னால் ‘ஒன், டூ, த்ரீ’ போட்டுப் பாருங்கள். ஒன் சேர், டூ சேர்ஸ்: நிற்கிறது. ஒன் ஃபர்னிச்சர், டூ ஃபர்னிச்சர்ஸ்: நிற்காது. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம். அவற்றைச் சேர்த்துச் சொல்லும் ஃபர்னிச்சரை ஆங்கிலம் தண்ணீர், மணல் போல ஒரு குவியலாகப் பார்க்கிறது. குவியலுக்குப் பன்மை கிடையாது.

தமிழரை இந்த இடம்தான் அதிகம் வழுக்கி விடுகிறது. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள், கருவிகள், நகைகள் எல்லாம் சரியான பன்மைகள். அதே நினைப்பில் இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், எவிடென்சஸ், ஈக்விப்மென்ட்ஸ், ஜுவல்லரீஸ் என்று எழுதிவிடுகிறோம். அன்றாட ஆங்கிலத்தில் ஐந்தும் பிழை. மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் உண்மையில் சிறியது: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், ஃபர்னிச்சர், ஈக்விப்மென்ட், மெஷினரி, லக்கேஜ், பயண மூட்டைகளைக் குறிக்கும் பேக்கேஜ், ஹோம்வொர்க், ஸ்டேஷனரி, ஜுவல்லரி, ஸீனரி, டிராஃபிக், எவிடென்ஸ், ரிசர்ச், நாலெட்ஜ், ப்ராக்ரஸ், ஃபீட்பேக், சாஃப்ட்வேர், வெதர், மணி, பிரெட். வேலை விண்ணப்பங்களிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இருபத்து சொச்சம் சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடும்.

எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டுமென்றால், தமிழில் ‘ஒரு கைப்பிடி அரிசி’ என்பது போல ஓர் அளவுச் சொல்லை முன்னால் வைத்து, அந்த அளவுச் சொல்லைப் பன்மையாக்க வேண்டும். எ பீஸ் ஆஃப் அட்வைஸ், டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ். த்ரீ பீசஸ் ஆஃப் லக்கேஜ். ஃபோர் ஐட்டம்ஸ் ஆஃப் ஃபர்னிச்சர். டூ லோவ்ஸ் ஆஃப் பிரெட். எ பார் ஆஃப் சோப். எ ஷீட் ஆஃப் பேப்பர். எஸ் அளவுச் சொல்லோடு நின்றுவிடும்; ஆஃப் என்பதைத் தாண்டிப் போகாது.

சில சொற்கள் இரண்டு வாழ்க்கை வாழ்கின்றன. பேப்பர் என்றால் தாள் என்னும் பொருள், எண்ண முடியாது. ஆனால் செய்தித்தாளையோ தேர்வுத்தாளையோ குறிக்கும்போது டூ பேப்பர்ஸ். கிளாஸ் என்றால் கண்ணாடி. டூ கிளாசஸ் என்றால் இரண்டு குவளை. மை கிளாசஸ் என்றால் மூக்குக்கண்ணாடி. வொர்க் என்றால் வேலை, எண்ண முடியாது. வொர்க்ஸ் என்றால் ஒரு கலைஞரின் படைப்புகள். எக்ஸ்பீரியன்ஸ் என்றால் பணி அனுபவம். எக்ஸ்பீரியன்சஸ் என்றால் வாழ்வில் நடந்த தனித்தனி நிகழ்வுகள். ஆகவே விண்ணப்பத்தில் ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றே எழுத வேண்டும். கஸ்டம் என்றால் வழக்கம், கஸ்டம்ஸ் என்றால் வழக்கங்கள் மட்டுமல்ல, சுங்கத்துறையும்தான். ஆர்ம் கை, ஆர்ம்ஸ் ஆயுதங்கள். குட் நல்லது, குட்ஸ் சரக்கு.

ஸ்டாஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஓர் ஆசிரியரையே ‘ஸ்டாஃப்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது அலுவலர் கூட்டம் முழுவதற்கும் ஒரே பெயர். ஒருவரைக் குறிக்க ‘எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’. பலரைக் குறிக்க ‘ஸ்டாஃப் மெம்பர்ஸ்’. ‘எ ஸ்டாஃப்’ என்று நிறுத்தினால் கையில் பிடிக்கும் கம்பு என்ற பொருளும் உண்டு.

படி 2: கடைசி ஒலியைக் கேளுங்கள்

தமிழில் மரம் மரங்கள் ஆகிறது, பல் பற்கள் ஆகிறது, முள் முட்கள் ஆகிறது. ‘கள்’ அப்படியே நிற்க, அதற்கு முன்னால் இருக்கும் எழுத்து மாறுகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் தலைகீழ்: சொல் அப்படியே நிற்கும், எஸ்ஸின் ஒலிதான் மாறும். மூன்று விதம்.

தொண்டையில் விரலை வைத்துச் சொல்லின் கடைசி ஒலியை மட்டும் உச்சரியுங்கள். அதிர்வு இல்லையென்றால், அதாவது ப், ட், க், ஃப் போன்ற வல்லொலிகளில் முடிந்தால், எஸ்ஸும் அதிராத ‘ஸ்’. கப்ஸ், கேட்ஸ், புக்ஸ். அதிர்வு இருந்தால் எஸ்ஸும் அதிரும். தேனீ ரீங்கரிப்பது போன்ற அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை, அதனால்தான் நாம் அதைத் தவறவிடுகிறோம். நாய்களைக் குறிக்கும் டாக்ஸ், பைகளைக் குறிக்கும் பேக்ஸ், பேன்ஸ், கார்ஸ், ட்ரீஸ் எல்லாம் இந்த வகை. உயிரொலியில் முடியும் சொற்கள் அனைத்தும் அதிரும்.

மூன்றாவது வகைதான் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். ஸ், ஷ், ச், ஜ் போன்ற சீறும் ஒலியில் முடிந்தால், அதன் மேல் இன்னொரு ஸ்ஸை ஏற்ற வாய் இடம் தராது. நடுவில் ஒரு குறுகிய ‘இ’ நுழைகிறது. சொல்லுக்கு ஓர் அசை கூடுகிறது. பஸ் ஓரசை, பஸிஸ் ஈரசை. டிஷ், டிஷிஸ். வாட்ச், வாட்சிஸ். ஜட்ஜ், ஜட்ஜிஸ். இந்த ஒரு சோதனை அடுத்த படியின் பாதி வேலையை முடித்துவிடும்: அசை கூடினால், எழுத்திலும் இ-எஸ் இருக்கும்.

ஹவுஸ் என்ற சொல்லில் இரண்டு மாற்றம். ஒருமையில் கடைசி ‘ஸ்’ அதிராது. பன்மையில் அதுவும் அதிரும், சேர்ந்த எஸ்ஸும் அதிரும்.

தமிழ் வாய்க்குக் கடினமானவை டெஸ்ட்ஸ், லிஸ்ட்ஸ், டெஸ்க்ஸ், கெஸ்ட்ஸ் போன்ற மெய்க்கூட்டங்கள். தமிழ்ச் சொல் இப்படி மூன்று வல்லொலிகளில் முடிவதே இல்லை. எனவே ஒன்று ‘டெஸ்ட்டுஸ்’ என்று உகரம் சேர்ப்போம், அல்லது எஸ்ஸையே விழுங்கிவிடுவோம். விழுங்கினால் கேட்பவர் ஒருமை என்றே புரிந்துகொள்வார். ‘டெஸ்’ என்று நிறுத்தி, ‘ட்ஸ்’ என்பதை மட்டும் மூச்சாக விட்டுப் பழகினால் சில நாளில் வரும். உடைகளைக் குறிக்கும் கிளோத்ஸ் என்பதில் நடு ஒலியோடு போராட வேண்டாம். கதவை மூடு என்னும் பொருள்தரும் ‘க்ளோஸ்’ போலவே அதை உச்சரிப்பதை அகராதிகள் ஏற்கின்றன. துணி என்னும் க்ளாத் வேறு சொல். அதன் பன்மை க்ளாத்ஸ். உடை என்னும் பொருளில் க்ளோத்ஸுக்கு ஒருமை கிடையாது.

படி 3: எழுத்துக்கூட்டல்

எஸ், எக்ஸ், இஸட், எஸ்-எச், சி-எச் ஆகியவற்றில் முடிந்தால் இ-எஸ். பி-யு-எஸ்-இ-எஸ், பி-ஓ-எக்ஸ்-இ-எஸ். க்விஸ் என்பதில் இஸட் இரட்டிக்கும்: கியு-யு-ஐ-இஸட்-இஸட்-இ-எஸ். சி-எச் எழுத்துகள் ‘க்’ என்று ஒலித்தால் விதி பொருந்தாது. வயிறு என்னும் ஸ்டமக், மன்னர் என்னும் மானர்க் ஆகியவற்றுக்கு வெறும் எஸ். காதைக் கேட்டவருக்கு இது விதிவிலக்கே அல்ல; அங்கே அசை கூடவில்லை.

ஒய்யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். மெய்யெழுத்து என்றால் ஒய் போய் ஐ-இ-எஸ் வரும்: பேபி, சிட்டி, லேடி, ஃபேமிலி. உயிரெழுத்து என்றால் எஸ் மட்டும்: பாய்ஸ், சாவிகளைக் குறிக்கும் கீஸ், குரங்குகளைக் குறிக்கும் மங்கீஸ், வேலீஸ். ஆட்பெயர்களில் ஒய்யைத் தொடக் கூடாது. வகுப்பில் இரண்டு மேரி இருந்தால் எம்-ஏ-ஆர்-ஒய்-எஸ்.

ஓவில் முடியும் சொற்களுக்கு முழு விதி கிடையாது. ஆனால் இ-எஸ் கட்டாயம் வாங்கும் அன்றாடச் சொற்கள் கொஞ்சம்தான்: பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோ, எக்கோ, வீட்டோ, டார்பிடோ. இவற்றை நெட்டுருப் போட்டுவிடுங்கள். ஓவுக்கு முன் இன்னோர் உயிர் இருந்தால் எஸ் மட்டும்: ரேடியோ, ஸ்டூடியோ, வீடியோ, பேம்பூ. நீண்ட சொல்லை வெட்டிக் குறுக்கியவையும் அப்படியே: ஃபோட்டோ, கிலோ, மெமோ, டெமோ. இசைச் சொற்களான பியானோ, சோலோ, செல்லோவும் எஸ்ஸோடு நிற்கும். மாங்கோ, மஸ்கிட்டோ, வால்கேனோ, ஸீரோ இரண்டு விதமாகவும் எழுதப்படும். மாங்கோ நம்மிடமிருந்து போன சொல். மாங்காய், மாங்ங என்று தமிழும் மலையாளமும் சொன்னதைப் போர்ச்சுகீசியர் வாங்கி ஆங்கிலத்துக்குக் கொடுத்தார்கள். அதற்கு எம்-ஏ-என்-ஜி-ஓ-இ-எஸ் என்றும் எழுதலாம், இ இல்லாமலும் எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

எஃப் வி-ஆகும் சொற்கள் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கவை. நைஃப், லைஃப், வைஃப், லீஃப், லோஃப், ஷெல்ஃப், செல்ஃப், ஹாஃப், கன்று என்னும் காஃப், தீஃப், வுல்ஃப், எல்ஃப், ஷீஃப். இவற்றின் பன்மையில் எஃப் போய் வி-இ-எஸ் வருகிறது: நைவ்ஸ், லைவ்ஸ், லீவ்ஸ். ஏன்? பழைய ஆங்கிலத்தில் பன்மை ஈறு ஓர் உயிரொலியோடு தொடங்கியது. இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஃப் அதிரத் தொடங்கி வ் ஆனது. தமிழர்க்கு இது புதிதல்ல. ‘பாட்டு’ என்பதில் வலித்து நிற்கும் ட், ‘பாடு’ என்பதில் தனியாக இரண்டு உயிருக்கு நடுவே வந்ததும் மெலிந்து அதிர்வதைத் தினமும் உச்சரிக்கிறோம்.

பிரெஞ்சிலிருந்து பின்னாளில் வந்த சீஃப், ப்ரூஃப், சேஃப், கல்ஃப் ஆகியவை இந்த மாற்றத்துக்கு உட்படாமல் எஸ் மட்டும் வாங்குகின்றன. ஆனால் கூரை என்னும் ரூஃப் பழைய ஆங்கிலச் சொல்லாக இருந்தும் எழுத்தில் எஃப்-எஸ் என்றே முடிகிறது. பிலீஃப், ரீஃப், க்ளிஃப் மூன்றுக்கும் எஸ்தான். ஸ்கார்ஃப், ஹூஃப், வார்ஃப், ட்வார்ஃப் இரண்டு வழியிலும் போகும். குழப்பம் வந்தால் மேலே தந்த பதின்மூன்று சொற்களை மட்டும் வி-ஆக்குங்கள். மற்றதற்கு எஸ் போட்டால் பெரும்பாலும் தப்பாகாது.

படி 4: உள்ளே மாறும் சொற்கள்

மேன், வுமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ். ஏழே ஏழு. இவற்றின் பன்மை மென், விமின், ஃபீட், டீத், கீஸ், மைஸ், லைஸ். மிகப் பழங்காலத்தில் இவற்றுக்கும் பன்மை ஈறு இருந்தது, அதில் ஓர் இகரம் இருந்தது. வரப்போகும் அந்த இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே நகர்ந்ததால் சொல்லின் நடு உயிர் மாறியது. பிறகு ஈறு உதிர்ந்துபோனது. மாறிய உயிர் மட்டும் தங்கிவிட்டது.

வுமன் என்பதில்தான் உச்சரிப்புப் பிழை நிரம்ப நிகழ்கிறது. எழுத்தில் மாறுவது இரண்டாம் அசை. ஆனால் காதில் மாறுவது முதல் அசை. வு என்பது வி ஆகிறது: வுமன், விமின். பன்மையையும் ‘வுமென்’ என்று வாசிப்பவர்கள் மிகப் பலர்.

மேன் என்று முடிவதெல்லாம் மென் ஆகாது. ஹ்யூமன், ஜெர்மன், ரோமன் மூன்றுக்கும் எஸ்தான். அந்தச் சொற்களில் ‘மனிதன்’ என்னும் ஆங்கிலச் சொல் இல்லை. கீரிப்பிள்ளையைக் குறிக்கும் மங்கூஸும் வாத்து என்னும் கூஸின் உறவல்ல. மராத்தியிலிருந்து போன சொல். எனவே மங்கூஸிஸ், ஒருபோதும் மங்கீஸ் அல்ல.

சைல்ட் சில்ட்ரன் ஆவதும் ஆக்ஸ் ஆக்ஸன் ஆவதும் வேறொரு பழைய முறை. சில்ட்ரனில் ஒரு சுவை உண்டு. பழைய பன்மையிலேயே ஆர் ஒலி இருந்தது. அது பன்மையென்று மக்களுக்குத் தோன்றாமல் போனபோது, மேலே இன்னொரு பன்மை ஈறான ‘என்’ ஒட்டிக்கொண்டது. இரட்டைப் பன்மை. நம் ‘மாணவர்கள்’ அதே கதைதான்: ‘அர்’ ஏற்கெனவே பலர்பால் ஈறு, அது ஒருவருக்கு மரியாதைச் சொல்லாகிவிட்டதால் மேலே ‘கள்’ ஏறியது. ஆனால் ‘சில்ட்ரன்ஸ்’ என்று மூன்றாவது ஈற்றை ஏற்றினால் மட்டும் பிழை. எஸ் வரும் ஒரே இடம் உடைமைப் பொருள். அப்போது நடுவில் அபாஸ்ட்ரஃபி என்னும் மேற்குறி கட்டாயம்.

உருவமே மாறாதவை: ஷீப், டீர், ஏர்கிராஃப்ட், சீரீஸ், ஸ்பீஷீஸ், ஆஃப்ஸ்ப்ரிங். தி ஷீப் இஸ் கிரேஸிங், தி ஷீப் ஆர் கிரேஸிங். ஆங்கிலத்தின் பால்பகா அஃறிணைப் பெயர்கள் இவை. எண்ணிக்கையை வினை மட்டுமே சொல்கிறது. ஃபிஷ்ஷும் பொதுவாக இப்படித்தான். பல இன மீன்களைப் பிரித்துச் சொல்லும்போது மட்டும் ஃபிஷிஸ் வரும்.

படி 5: லத்தீன், கிரேக்கச் சொற்கள்

கட்டுமரத்தைக் கடன் வாங்கிய ஆங்கிலம் அதற்குத் தமிழ்ப் பன்மை தரவில்லை. கட்டமரன்ஸ் என்று தன் எஸ்ஸையே ஒட்டிக்கொண்டது. வந்த சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டால் எஸ். அறிவியல், கல்வி, சட்டம் ஆகிய துறைகளில் புழங்கும் சில சொற்கள் மட்டும் பிறந்த வீட்டுப் பன்மையை விடவில்லை. அவற்றில் தவறு நேரும் வகைகளைப் பார்த்தால் போதும்.

ஐ-எஸ் முடிவு இ-எஸ் ஆகும், உச்சரிப்பு ‘சீஸ்’: க்ரைசிஸ் க்ரைசீஸ், அனாலிசிஸ் அனாலிசீஸ், தீசிஸ் தீசீஸ், பேசிஸ் பேசீஸ். ஓ-என் முடிவு ஏ ஆகும்: ஃபினாமினன் ஃபினாமினா, க்ரைடீரியன் க்ரைடீரியா. ‘எ க்ரைடீரியா’, ‘திஸ் ஃபினாமினா’ இரண்டும் தவறு. யு-எம் முடிவும் ஏ ஆகும்: பாக்டீரியம் பாக்டீரியா, கரிக்குலம் கரிக்குலா. ஸ்டேடியம் இப்போது வீட்டுச் சொல்லாகிவிட்டது, ஸ்டேடியம்ஸ். டேட்டா முறைப்படி பன்மைதான். கணினித் துறையிலும் செய்தித்தாள்களிலும் ஒருமை வினையோடு வருவது ஏற்கப்பட்டுவிட்டது. ஆய்வுக் கட்டுரையில் இதழின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

யு-எஸ் முடிவு ஐ ஆகும்: நியூக்ளியஸ் நியூக்ளியை, ரேடியஸ் ரேடியை, ஃபங்கஸ் ஃபங்கை. அலும்னஸ் ஒருவர், அலும்னை பலர். ‘ஐ ஆம் ஆன் அலும்னை’ என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. பெண் ஒருவருக்கு அலும்னா. ஆனால் வைரஸ், கேம்பஸ், போனஸ், சர்க்கஸ் எல்லாம் இ-எஸ் வாங்கும். ஆக்டோபஸ் கிரேக்கச் சொல், அதை ‘ஆக்டோபை’ ஆக்க லத்தீன் விதிக்கு உரிமையில்லை. ஆக்டோபஸிஸ் என்பதே பாதுகாப்பானது.

பொருளைப் பொறுத்துப் பிரிபவை இரண்டு: பூச்சியின் உணர்கொம்புகள் ஆன்டெனீ, வானொலி அலைவாங்கிகள் ஆன்டெனாஸ். நூலின் பின்பக்கச் சொல்லடைவுகள் இன்டெக்ஸிஸ், கணிதத்தில் அடுக்குகள் இன்டிசீஸ்.

படி 6: தோற்றம் ஏமாற்றும் இடங்கள்

எஸ்ஸில் முடிந்தும் ஒருமையானவை: நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், எகனாமிக்ஸ், மீசில்ஸ், மம்ப்ஸ், டயபட்டீஸ். தி நியூஸ் இஸ் குட். ஃபிசிக்ஸ் இஸ் டிஃபிகல்ட். பாடமாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒருமை. புள்ளிவிவரங்களாக அது பன்மை. கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு செய்தி: ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ், இரண்டுமே இன்னிங்ஸ்தான். எஸ் இல்லாத ‘இன்னிங்’ அமெரிக்க பேஸ்பாலுக்கு உரியது.

எஸ் இல்லாமலே பன்மையானவை: பீப்பிள், போலீஸ், கேட்டில். தி போலீஸ் ஆர் கமிங். ‘பீப்பிள்ஸ்’ என்று எழுதினால் அது இனங்கள், தேசிய மக்கள் கூட்டங்கள் என்ற வேறு பொருளுக்குப் போய்விடும்.

இரண்டு கால், இரண்டு அலகு கொண்ட பொருள்கள் எப்போதும் பன்மை: சிசர்ஸ், டிரவுசர்ஸ், பேன்ட்ஸ், ஷார்ட்ஸ், ஸ்பெக்டக்கிள்ஸ், ப்ளையர்ஸ். தமிழில் கத்தரிக்கோலும் கண்ணாடியும் ஒருமை என்பதால் ‘எ சிசர்’, ‘மை ஸ்பெக்டக்கிள் இஸ் புரோக்கன்’ என்று வந்துவிடுகிறது. தி சிசர்ஸ் ஆர் ஆன் தி டேபிள். எண்ண வேண்டுமானால் எ பேர் ஆஃப் சிசர்ஸ், அப்போது வினை ‘பேர்’ என்பதோடு சேர்ந்து ஒருமையாகும்.

கூட்டுச் சொற்களில் முக்கியப் பெயரே பன்மையாகும். மாமனார் என்னும் ஃபாதர்-இன்-லாவில் முக்கியம் ஃபாதர், ஆகவே ஃபாதர்ஸ்-இன்-லா. வழிப்போக்கர்கள் பாஸர்ஸ்-பை. கரண்டியளவு ஸ்பூன்ஃபுல் ஒரே சொல்லாகிவிட்டதால் ஸ்பூன்ஃபுல்ஸ். வுமன் டாக்டர் பன்மையில் இரண்டு பகுதியும் மாறும்: விமின் டாக்டர்ஸ்.

படி 7: எண்ணும் அளவும்

எண்ணுக்குப் பின் ஹண்ட்ரட், தவுசண்ட், மில்லியன், டஸன் ஆகியவை எஸ் வாங்காது: ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ், டூ டஸன் எக்ஸ். திட்டமான எண் இல்லாமல் ‘நூற்றுக்கணக்கான’ எனும்போதுதான் ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள். நம் லட்சம், கோடிக்கும் இதே முறை.

அளவு பெயரடையாக மாறி இன்னொரு பெயருக்கு முன்னால் நின்றால் எஸ் உதிரும், சிறு கோடு சேரும். எ டென்-ருபீ நோட், எ ஃபைவ்-இயர் ப்ளான், எ த்ரீ-டே ஹாலிடே. தி பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட் சரி. எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய் சரி. ‘எ ஃபைவ் இயர்ஸ் ஓல்ட் பாய்’ தவறு.

ஸீரோவுக்கும் ஒன்றரைக்கும் பன்மை: ஸீரோ மிஸ்டேக்ஸ், ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ், 1.5 கிலோமீட்டர்ஸ். ஒரு தொகையாகவோ தூரமாகவோ மொத்தமாய்ப் பார்க்கும்போது வினை ஒருமை: ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் இனஃப். அளவுக் குறியீடுகளான கே-ஜி, கே-எம், சி-எம் எத்தனை ஆனாலும் மாறாது. ஐந்து கிலோவுக்கும் கே-ஜி-தான், பின்னால் எஸ்ஸும் இல்லை.

படி 8: வாக்கியத்தோடு பொருத்துதல்

பெயர் சரியாக இருந்தும் வாக்கியம் தவறுவது இங்கே. நிகழ்காலத்தில் எஸ் ஓரிடத்தில்தான் உட்காரும் என்று நினைவில் வைத்தால் நூற்றில் தொண்ணூறு சமாளிக்கலாம். தி பாய் ரன்ஸ்: எஸ் வினையில். தி பாய்ஸ் ரன்: எஸ் பெயரில். பெயருக்கு எஸ் பன்மைக் குறி, வினைக்கு எஸ் ஒருமைக் குறி. ஒரே எழுத்து, எதிரெதிர் வேலை.

சுட்டும் மாற வேண்டும்: திஸ் புக், தீஸ் புக்ஸ், தட் ஹவுஸ், தோஸ் ஹவுஸிஸ். தமிழில் ‘இந்த’ ஒருமைக்கும் பன்மைக்கும் பொது என்பதால் ‘திஸ் புக்ஸ்’ என்பது மிகச் சாதாரணமாக வரும் பிழை. எண்ணக்கூடியதற்கு மெனி, ஃப்யூ. குவியலுக்கு மச், லிட்டில்.

ஒன் ஆஃப் என்பதற்குப் பின் பெயர் பன்மை, வினை ஒருமை: ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ நர்ஸ். பலரிலிருந்து ஒருவரை எடுக்கிறோம். எடுக்கும் கூட்டம் பன்மை, எடுக்கப்பட்டவர் ஒருவர். ஈச், எவ்ரி இரண்டுக்கும் ஒருமை: எவ்ரி ஸ்டூடண்ட் ஹேஸ். ‘எ நம்பர் ஆஃப்’ பல என்று பொருள்படும், வினை பன்மை. ‘தி நம்பர் ஆஃப்’ எண்ணிக்கையையே சொல்லும், வினை ஒருமை. அப்பா வந்தாங்க என்ற மரியாதைப் பன்மையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மை ஃபாதர் இஸ், ஹி இஸ் என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மேற்குறி பன்மைக்கான குறியல்ல. கடைப் பலகைகளில் எஸ்ஸுக்கு முன் தொங்கும் அந்தக் குறி உடைமையைச் சொல்வது. டி-விக்கள், எம்-எல்-ஏக்கள், 1990-கள் என்று எழுதும்போதும் எஸ் மட்டும் போதும். உடைமைக்கு: ஒரு மாணவனுடையது என்றால் எஸ்ஸுக்கு முன், மாணவர்களுடையது என்றால் எஸ்ஸுக்குப் பின். எஸ் இல்லாத பன்மைகளான சில்ட்ரன், விமின், மென் ஆகியவற்றுக்கு மேற்குறியும் எஸ்ஸும் சேர்ந்து வரும்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஹேவ் கிவன் மீ திஸ் இன்ஃபர்மேஷன்ஸ். தி டூ டேஸ் டிரெயினிங் இஸ் ஃபார் ஆல் ஸ்டாஃப்ஸ். ப்ளீஸ் பிரிங் எ சிசர் அண்ட் ஃபைவ் கேஜிஸ் ஆஃப் டொமேட்டோஸ்.’

முதல் வாக்கியத்தில் மூன்று பிழை. ஒன் ஆஃப் வந்ததால் ஃப்ரெண்ட்ஸ். தலைமைச் சொல் ஒன் என்பதால் ஹேஸ். இன்ஃபர்மேஷனுக்கு எஸ் இல்லை, எஸ் போனதும் திஸ் தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டாவதில் டூ டேஸ் பெயரடையாக நிற்கிறது. எஸ்ஸை நீக்கிச் சிறு கோடு போட்டு டூ-டே டிரெயினிங். ஸ்டாஃப்ஸ் என்பது ஸ்டாஃப், அல்லது ஸ்டாஃப் மெம்பர்ஸ். மூன்றாவதில் எ பேர் ஆஃப் சிசர்ஸ். கேஜிஸ் என்பதைச் சொல்லாக எழுதினால் கிலோஸ், கே-ஐ-எல்-ஓ-எஸ், இ தேவையில்லை; டொமேட்டோஸில் மட்டும் எஸ்ஸுக்கு முன் இ இருக்க வேண்டும்.